ஈசூன் பூனைகளுக்கு ஒரு குலுக்கல்: நடக்காமல் போன சீட்டின் கணக்கு

2024 அக்டோபரில், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, எங்கள் அடுக்குமாடி புளோக்கில் குலுக்கல் சீட்டு விற்றோம். சீட்டு 2 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). முதல் பரிசு மிக்சி. வரும் பணம் புளோக்கைச் சுற்றித் திரியும் பூனைகளுக்கு. இரண்டே நாளில் விற்பனையை நிறுத்தி, வாங்கியவர்களின் கதவைத் தட்டிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. குலுக்கல் நடக்கவே இல்லை. ஆனால் எழுதுவதற்கு விஷயம் கிடைத்தது பணத்தைத் திருப்பிக் கொடுத்த அந்த வாரத்தில்தான். கணக்கு நோட்டு என் கையில் இருந்ததால் நானே எழுதுகிறேன்.

இடம் ஈசூன். ஈசூன், பூனை என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னாலே சிங்கப்பூரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். 2015, 2016 வாக்கில் இங்கே பூனைகள் அடுத்தடுத்துச் செத்துக் கிடந்த செய்தி எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்கள் குழு அந்தச் சமயத்தில் தொடங்கியதுதான். குழு என்றால் பெயர்ப்பலகை எல்லாம் கிடையாது. ஏழாம் மாடி அக்கா, பக்கத்து புளோக் மாக்சிக் (மலாய் அத்தை), பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பி, நான். ராத்திரி பத்து மணிக்கு மேல் தீனி வைப்பது, மறுநாள் காலை தாளையும் மிச்சத்தையும் எடுத்துத் துடைப்பது. துடைக்காமல் விட்டால் எறும்பு வரும், அப்புறம் நகர மன்றத்துக்குப் புகார் போகும். பதினான்கு பூனைகள், அதில் நான்கு கிழடு.

கருத்தடைக்கு எங்கள் காசு அதிகம் போகவில்லை. அதற்குத் தேசிய பூங்காக் கழகத்தின் கீழுள்ள விலங்குநலப் பிரிவின் திட்டம் இருக்கிறது. காது நுனி வெட்டியிருந்தால் அந்தப் பூனைக்கு வேலை முடிந்தது என்று அர்த்தம். எங்களை முறித்தது தினசரித் தீனியும், கிழட்டுப் பூனைகளின் வாய்ப்புண்ணும். அந்த ஆண்டு ஒரு பூனைக்குப் பல் பிடுங்கியதில் நால்வரின் சேமிப்பும் காலி.

செப்டம்பர் 1 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்திருந்தது. 1989இலிருந்து இருந்த தடை போய், வீட்டுக்கு இரண்டு பூனை, மைக்ரோசிப், உரிமம் என்று புதிய முறை. மின்தூக்கியில் ஏறினால் பூனைப் பேச்சு. இதுவரை ஒளித்து வளர்த்தவர்கள் சன்னலில் தைரியமாக வலை அடித்தார்கள். காசு திரட்ட நல்ல நேரம் என்று அக்கா சொன்னார்.

சும்மா கேட்டுப் பார்க்காமல் இல்லை. அதற்கு முன்னால் ஒரு மாதம் கேட்டோம். தெரிந்தவர்களிடம் மட்டும், வாய்வார்த்தையாக. வீடு வீடாகப் போய்ப் பொதுமக்களிடம் வசூலிக்கத் தனி உரிமம் வேண்டும் என்பது அப்போதே தெரியும். பதில் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. “மனுஷனுக்கே வழியில்ல, பூனைக்காம்மா?” இதைச் சொன்ன ஓர் அண்ணன், கோயில் அன்னதானத்துக்கு ஐம்பது வெள்ளியை மடித்து உண்டியலில் போட்டுவிட்டு எண்ணிக்கூடப் பார்க்காதவர். கஞ்சன் என்று சொல்ல முடியாது. பூனைக்குக் கொடுப்பது அவருடைய தர்மப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். அதோடு எனக்கும் கூச்சம். கோயிலுக்குக் கேட்கும்போது நிமிர்ந்து நிற்கிற முதுகு, பூனைக்குக் கேட்கும்போது வளைந்துவிடுகிறது.

பள்ளியில் பிள்ளைகளிடம் ஃபன்ஃபேர் (கேளிக்கைச் சந்தை) கூப்பன் கொடுத்து விற்கச் சொல்வார்களே, அது போலச் செய்யலாம் என்றார் அக்கா. கையில் ஒரு தாள் இருந்தால் கேட்பது சுலபம். இந்த ஒரு வாக்கியத்தை அன்று நான் சரியாகக் கவனிக்கவில்லை.

முதல் தப்பு, கணக்கில்

500 சீட்டு, பத்துக் கட்டு, மஞ்சள் தாள், லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் அச்சடித்தோம். 65 வெள்ளி. மிக்சி, ரைஸ் குக்கர், மூன்று பேரங்காடிப் பற்றுச்சீட்டு (வவுச்சர்), எல்லாம் சேர்த்து 420. அக்காவும் நானும் கடன் அட்டையைத் தேய்த்தோம். வரவு பூராவும் வந்தால் 1,000. செலவு 485. எனக்கு அப்போது இது பிரமாதமான லாபமாகத் தெரிந்தது. பாதிக்கு மேல் மிச்சம்தானே!

சிங்கப்பூரில் அறநிறுவனங்களுக்கு 30/70 விதி என்று ஒன்று உண்டு. நிதி திரட்ட ஆகும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நாங்கள் பதிவான அறநிறுவனம் இல்லைதான். இருந்தாலும் அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 500 சீட்டும் விற்றுத் தீர்ந்தாலும் எங்கள் செலவு 48.5 விழுக்காடு. பாதி விற்றால் வரவு 500, மிச்சம் 15 வெள்ளி. பதினான்கு பூனைக்குப் பதினைந்து வெள்ளி.

பரிசைக் காசு கொடுத்து வாங்கியதுதான் அடிப்படைப் பிழை. இனாமாக வந்த பரிசு என்றால் முதல் சீட்டிலிருந்தே பூனைக்குச் சேரும். வாங்கிய பரிசு என்றால் முதல் 243 சீட்டு கடைக்காரருக்கும் அச்சகத்துக்கும் போகிறது. வாங்குபவரிடம் நாங்கள் சொன்னது “முழுப் பணமும் பூனைக்கு” என்று. வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை, ஆனால் பொய்தான்.

இரண்டாவது தப்பு

விற்பனையின் இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, கீழ்த்தளத்தில் ஐந்தாம் மாடி மாமாவிடம் ஒரு கட்டை நீட்டினேன். பணி ஓய்வு பெற்றவர், ஒரு சங்கத்தில் பல ஆண்டு பொருளாளராக இருந்தவர். சீட்டை முன்னும் பின்னும் திருப்பினார்.

“இதுக்கு அனுமதி எண் எங்க?”

“மாமா, இது பூனைக்கு.”

“யாருக்குன்னு நான் கேக்கலையே.”

மேலே போய்ச் சட்டத்தைப் படித்தேன். 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருப்பது சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம். தனியார் லாட்டரிச் சட்டம், தொலைவழிச் சூதாட்டச் சட்டம் என்று தனித்தனியாக இருந்த பழைய சட்டங்களை ஒரு குடைக்குள் கொண்டுவந்தது அது. சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் தொடங்கியதும் அதே நாளில். காசு கொடுத்துச் சீட்டு வாங்குகிறார்கள், அதிர்ஷ்டத்தை வைத்துப் பரிசு தீர்மானமாகிறது, அப்படியானால் அது லாட்டரி. வரும் பணம் பூனைக்கா, புண்ணியத்துக்கா என்பது அந்த வரையறைக்குள் வருவதில்லை. உரிமமோ சட்டம் தந்த விலக்கோ இல்லாமல் சூதாட்டம் நடத்துபவருக்கு 7 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வெள்ளி வரை அபராதம். மிக்சிக்கு!

வீட்டுக்குள் உறவும் நட்பும் கூடி விளையாடினால் விலக்கு உண்டு. தீபாவளி இரவு மாமியார் வீட்டில் தம்போலா ஆடுவதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். ஆனால் புளோக் கீழ்த்தளத்தில் கண்ணில் பட்டவருக்கெல்லாம் சீட்டு விற்பது வீட்டு விளையாட்டு ஆகாது. அக்கா வாட்ஸ்அப்பில் பன்னிரண்டு எண்களை முன்பதிவு செய்து வைத்திருந்தார். இணையவழி நடத்தினால் அந்த வீட்டு விலக்கும் இல்லை. இதையெல்லாம் மிஞ்சியது, ஒரு கட்டைத் தம்பியின் பதினைந்து வயதுத் தங்கை விற்றுக்கொண்டிருந்தது. இங்கே சூதாட்டத்துக்குக் குறைந்த வயது 21. அரசு லாட்டரி விற்கும் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனத்தின் கடைகளில் மட்டும் 18.

மாமாவிடம் திரும்பிப் போனேன். கொஞ்சம் எரிச்சலோடு, அரசாங்கம் மட்டும் டோட்டோ லாட்டரி விற்கலாமா என்றேன். அவர் சிரித்தார். சிங்கப்பூர் பூல்ஸ் 1968இல் வந்ததே கள்ளச் சூதாட்டத்தை மடக்கத்தான் என்றார். மறு ஆண்டே சிங்கப்பூர் ஸ்வீப் வந்தது; அந்தக் குலுக்கல் பணத்தில் எழும்பியதுதான் 1973இல் திறந்த காலாங் தேசிய விளையாட்டரங்கம். “அந்த ஸ்டேடியத்துல நான் வாங்கின சீட்டும் ரெண்டு செங்கல் இருக்கும்” என்றார். விளையாட்டரங்கம் இடித்தாகிவிட்டது, மாமாவின் பெருமை இடியவில்லை. சிங்கப்பூர் பூல்ஸின் உபரி இன்றும் அதன் உரிமையாளரான பந்தயப்பிடிப்புக் கழகத்தின் வழியாகப் பொதுக்காரியங்களுக்குப் போகிறது. ஆக நல்ல காரியத்துக்குச் சீட்டு விற்பது இந்த ஊருக்குப் புதிது இல்லை. யார் விற்கிறார்கள், யார் கணக்குக் கேட்கிறார்கள் என்பதில்தான் எல்லாம்.

கணக்குக் கேட்பதில் மாமாவுக்கு இருந்த பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு வீட்டிலிருந்து போன் போட்டு நன்கொடை கொடுத்தவர் அவர். அந்த நிகழ்ச்சிகளிலும் அழைப்பவர்களுக்குப் பரிசுக் குலுக்கல் இருந்தது. 2005இல் நீதிமன்றத்தில், தலைமை நிர்வாகியின் அலுவலகக் குளியலறைக்கான தங்கமுலாம் பூசிய குழாயும் அவருடைய சம்பளமும் வெளிவந்தபோது கோபப்பட்ட தலைமுறை. “பரிசு பெருசா இருந்தா கொடுக்கறவன் கணக்கு கேக்க மாட்டான்” என்றார். இதை நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் எங்கள் சீட்டை வாங்கிய ஒருவர்கூடப் பணம் எப்படிச் செலவாகும் என்று கேட்கவில்லை என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

திருப்பிக் கொடுத்த வாரம்

அடிக்கட்டைகளை எண்ணினோம். 83 சீட்டு, 37 பேர், 166 வெள்ளி. மூன்று பேர் அடிக்கட்டையில் பெயரின் முதலெழுத்தை மட்டும் கிறுக்கியிருந்தார்கள், கைப்பேசி எண் இல்லை. அவர்களைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த 8 வெள்ளி இன்னும் தனி உறையில் இருக்கிறது. மற்ற 34 பேரிடமும் நானும் அக்காவும் போனோம்.

எட்டுப் பேர் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். 38 வெள்ளி. அதில் ஒருவர் சற்று மனம் நொந்தே வாங்கினார். மனைவிக்கு மிக்சி பழுது, நம்பியிருந்தாராம். இவர்கள் எட்டுப் பேரும் நியாயமானவர்கள். சொன்ன பொருள் இல்லையென்றால் காசைத் திருப்பிக் கேட்பது வழக்கம்தானே.

மீதி 26 பேர் வாங்க மறுத்தார்கள். “அட, ரெண்டு வெள்ளிக்கா மாடி ஏறி வந்தீங்க, பூனைக்கே வெச்சுக்குங்க.” கிட்டத்தட்ட இதே சொற்கள், கதவுக்குக் கதவு. 120 வெள்ளி அப்படியே நின்றது.

முதல் நாள் இதைக் கேட்டு நெகிழ்ந்துபோனேன். இரண்டாம் நாள் சந்தேகம் வந்தது. மூன்றாம் நாளிலிருந்து நேராகவே கேட்க ஆரம்பித்தேன்: சீட்டு இல்லாமல் போன மாதம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா? கேட்டவர்களில் பாதிக்கு மேல் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள், இல்லை என்று. அன்னதான அண்ணனும் அதில் ஒருவர். ஐந்து சீட்டு வாங்கியிருந்தார், பணத்தைத் திருப்பி வாங்கவில்லை. சும்மா கேட்டபோது கொடுத்தாரா? கொடுக்கவில்லை. பரிசு இல்லையென்று தெரிந்த பிறகும் கொடுத்தார்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று. பொருளியல் ஆய்வாளர்கள் இதில் கொஞ்சம் உழைத்திருக்கிறார்கள். ஜான் மார்கன் என்பவர் 2000இல் எழுதிய கட்டுரையின் வாதம் சுவையானது. பொதுக்காரியத்துக்குக் கொடுப்பதில் எப்போதும் ஒரு நழுவல் இருக்கிறது. அடுத்தவன் கொடுப்பான், நாம் நிழலில் நிற்கலாம் என்று. சீட்டில் அதற்கு எதிர்விசை வருகிறது. அடுத்தவன் வாங்கும் ஒவ்வொரு சீட்டும் என் வாய்ப்பைக் குறைப்பதால் நானும் வாங்குகிறேன். அதனால் சும்மா கேட்பதைவிடக் குலுக்கலில் கூடுதலாகத் திரளும் என்கிறார். 2006இல் வெளியான ஒரு கள ஆய்வு இதை வட கரோலைனாவில் ஏறக்குறைய 5,000 வீடுகளில் கதவைத் தட்டிச் சோதித்தது. சீட்டோடு போனபோது மொத்த வசூல் சுமார் 50 விழுக்காடு கூடியது. கொடுக்க முன்வந்தவர்களின் பங்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. பரிசுச் செலவைக் கழிக்காத கணக்கு அது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கதவைத் தட்டிய பெண்ணின் தோற்றம், சீட்டு அளவுக்கே வசூலை ஏற்றியது.

நான் பிடித்துக்கொண்டது இந்தக் கடைசி வரியை. எங்கள் அடிக்கட்டைகளை விற்றவர் வாரியாகப் பிரித்தேன். அக்கா விற்றவை 51. தம்பியும் அவன் தங்கையும் சேர்ந்து 17. நான் 9. மாக்சிக் 6, அதுவும் அவர் மகன்களே வாங்கியது. அக்கா அழகுராணி என்று நான் சொல்லவில்லை. அவர் இந்தப் புளோக்கில் முப்பது ஆண்டாக இருப்பவர். யார் வீட்டுக் காதுகுத்தானாலும் முதல் நாளே போய் வெங்காயம் உரிப்பவர். அவரிடம் சீட்டு வாங்கியவர்கள் பூனைக்கும் கொடுக்கவில்லை, மிக்சிக்கும் கொடுக்கவில்லை. மொய் எழுதினார்கள். அன்னதான அண்ணனின் மகள் திருமணத்தில் பந்தி கவனித்தவர் அக்கா.

அப்படியானால் சீட்டு எதற்கு? அக்கா நேராகவே கேட்டிருக்கலாமே. கேட்டார், கிடைக்கவில்லை. சும்மா கேட்டால் பேச்சு பூனையைப் பற்றிப் போகிறது. பூனை முக்கியமா மனிதன் முக்கியமா, தெருப்பூனைக்குத் தீனி போடுவது சரியா, அது கார் மேல் ஏறுகிறதே. அந்த வழக்கில் நாங்கள் தோற்றுவிடுகிறோம். சீட்டை நீட்டினால் பேச்சு “என்ன பரிசு?” என்பதோடு முடிகிறது. வழக்கே வருவதில்லை. வாங்குபவர் தன் கொள்கையை மாற்றிக்கொள்ளாமலே அக்காவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம். கேட்பவருக்கும் கூச்சம் போகிறது, ஏனென்றால் அவர் கை நீட்டவில்லை, தாளைத்தான் நீட்டுகிறார். பணத்தைத் திருப்பியபோதும் அதேதான். வாங்கிக்கொண்டால் சீட்டு வாங்கியது பரிசு ஆசையால் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கூச்சமும் 26 பேரில் சிலருக்கு இருந்திருக்கும். எல்லாரும் பெருந்தன்மையால் மறுத்தார்கள் என்று நான் எழுதினால் கணக்கு சுத்தமாக இருக்காது.

பொங்கலுக்கு ஏலம்

மாமா சொன்ன மாற்றுவழி எளிதானது. கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழம் ஏலம் விடுவதில்லையா? அதில் அதிர்ஷ்டம் இல்லை. யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு, அவ்வளவுதான். 2025 பொங்கலன்று அக்கா வீட்டில் கூடியபோது அவர் போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் நான்கு பாட்டிலை மாமா ஏலம் விட்டார். கணீரென்ற குரல், “ஒரு தரம், ரெண்டு தரம்” எல்லாம் உண்டு. முதல் பாட்டில் 12 வெள்ளி. கடைசி பாட்டிலுக்கு அன்னதான அண்ணனும் அவர் மைத்துனரும் முறைத்துக்கொண்டதில் 70 வரை போனது. நான்கு பாட்டிலுக்கு 141. செலவு, அக்காவின் எண்ணெயும் உப்பும்.

வெள்ளிக் கணக்கில் ஏலம் ஜெயித்தது என்பது சரிதான். ஆனால் விலை கேட்டவர்கள் ஒன்பது பேர், கொடுத்தவர்கள் மூன்று பேர், எல்லாரும் ஏற்கெனவே அக்கா வீட்டுக்கு வந்துபோகிறவர்கள். சீட்டு 37 பேரைத் தொட்டது. அதில் பத்துப் பேரை எனக்கு அதற்கு முன் முகம்கூடத் தெரியாது. அவர்களில் மூன்றாம் மாடிச் சீனப் பெண் ஒருவர் இப்போது வாரத்தில் இரண்டு இரவு தீனி வைக்கிறார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கதவைத் தட்டியபோது பூனைகளின் பெயரைக் கேட்டவர் அவர். ஏலத்தில் அப்படி யாரும் கிடைக்கவில்லை. குலுக்கல் ஒழுங்காக நடந்திருந்தாலும் கிடைத்திருக்க மாட்டார், ஏனென்றால் நாங்கள் அவர் கதவைத் தட்டியே இருக்க மாட்டோம்.

பெரிய தொகை கொடுக்க விரும்புகிறவர்களை இப்போது பதிவான விலங்குநல அமைப்புகளுக்கே நேராக அனுப்புகிறோம். பொது நன்மைக் கழகம் என்ற தகுதி உள்ள அமைப்புக்குக் கொடுத்தால், கொடுத்த தொகையில் 250 விழுக்காட்டை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். எங்களிடம் கொடுத்தால் ஊறுகாய்தான்.

மிக்சி இன்னும் பெட்டி பிரிக்காமல் என் வீட்டுச் சேமிப்பறையில் இருக்கிறது. கடை திருப்பி எடுக்கவில்லை, ரசீது தேதி கடந்துவிட்டது. அடுத்த பொங்கலுக்கு அதையும் ஏலத்தில் வைக்கலாம் என்கிறார் அக்கா. அதில் பாதி என் காசு என்பதால் நான் இன்னும் சரி சொல்லவில்லை. பழுதான மிக்சியோடு இருக்கும் அந்த வீட்டுக்காரருக்கு வாங்கிய விலைக்கே கொடுத்துவிடலாம் என்று எனக்கு ஓர் எண்ணம்.